ரப்பரும் கணக்கும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கு நடைபெற்றது. வாதி என் மகள். பிரதிவாதி நான். நீதிபதியாக அமர்ந்தவர் எண்பது வயதைக் கடந்த என் அன்னை. நீதிமன்றம், ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்கு வீட்டின் சிறு கூடம்.

வழக்கின் விவரம் வருமாறு. என் மகள் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தின் பொறியியல் வளாகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று தேறினாள். தேறிய கையோடு இரண்டு கடிதங்கள் வந்தன. பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலை அவளுக்கு வேலை தருவதாக எழுதியது ஒன்று. பேராசிரியர் ஒருவர் தம்மிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேருமாறு அழைத்தது மற்றொன்று. முன்னதில் சம்பளம் பெரிது. பின்னதில் உதவித்தொகை சிறிது. தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் மறுமொழி அளித்தாக வேண்டும்.

"வேலைக்குப் போ" என்றேன் நான். "ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்றாள் அவள். நான் அடுக்கிய காரணங்களில் தந்தையின் அக்கறை பாதி, கடன்காரனின் அச்சம் பாதி. வீட்டுக் கடன் இன்னும் ஆறாண்டு இருக்கிறது. நான் ஓய்வு பெறும் நாளோ நெருங்கிவிட்டது. அவளுடைய முதற் சம்பளத்தை நான் என் மனத்துக்குள் எப்போதோ செலவு செய்து முடித்துவிட்டேன் என்பதே உண்மை.

எங்கள் சொற்போரைக் கேட்டுக்கொண்டிருந்த அன்னை, வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, "ஏன் கண்ணு, அப்படி என்னத்தைத்தான் ஆராயப் போறே?" என்று வினவினார்.

"ரப்பரை எத்தனை தடவை இழுத்து விட்டால் அது அறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது, பாட்டி."

அன்னை சிரித்தார். "முப்பது வருஷம் பால்மரம் வெட்டினேன். ரப்பரைப் பத்தி என் கையைக் கேளு. அதுக்குக் கணக்கு எதுக்கு?"

அச்சிரிப்பு என் நெஞ்சில் தைத்தது. ஏன் தைத்தது என்பதையும், வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதையும் கூறவே இக்கட்டுரை. தீர்ப்பைச் சொல்லுமுன் வழக்குப் பொருளை வாசகர் அறிய வேண்டுமன்றோ? அதை முதலில் சொல்லுகின்றேன்.

ஒரு பொருள்மீது விசை படும்போது அது வளையும், நீளும், சுருங்கும், சில வேளைகளில் உடையும். எங்கே, எப்போது, எவ்வளவு விசையில் என்பதைப் பொருளை உடைத்துப் பார்க்காமலே கணிப்பொறியின் துணையால் கணக்கிட்டுச் சொல்லும் துறைக்குக் கணிப்பு விசையியல் என்று பெயரிடலாம். அப்பொருளின் இயல்பை, அஃதாவது இரும்பாயின் இரும்பின் குணத்தையும் ரப்பராயின் ரப்பரின் குணத்தையும், கணக்கின் மொழியில் எழுதித் தருவது அதன் உடன்பிறந்த துறை. ஒன்று உடல்; மற்றொன்று உயிர். பொருளின் குணத்தைப் பிழையாக எழுதிக் கொடுத்தால், எத்துணைப் பெரிய கணிப்பொறியும் பிழையைத்தான் விரைவாகக் கூறும்.

கணக்கிடும் முறையைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் இன்று எவ்வளவு பால் என்று ஒரே நோக்கில் எவரும் சொல்லிவிட முடியாது. ஆகவே தோட்டத்தை நிரைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டாளிக்கும் ஒரு நிரை. அவரவர் நிரையின் கணக்கு அவரவர்க்குத் தெரியும். நிரைக்கும் நிரைக்கும் இடையிலுள்ள எல்லை மரம் எவருடையது என்பதில் மட்டும் இருபுறத்தாரும் ஒத்துப்போக வேண்டும். மாலையில் கிராணியார் எல்லாவற்றையும் கூட்டுகிறார். தோட்டம் முழுதும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அதுபோலவே ஒரு பாலத்தையோ, விமான இறக்கையையோ, சக்கரத்தையோ பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எளிய சமன்பாடு எழுதி, எல்லையில் அவை ஒத்துப்போகுமாறு செய்து, இலட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதுதான் சிறுகூறு முறை. ஆங்கிலத்தில் ஃபைனைட் எலிமென்ட் என்பர். 1943-இல் கூரான்ட் என்ற கணித அறிஞர் இதன் வித்தை ஊன்றினார். 1956-இல் டர்னர், கிளஃப் முதலிய நால்வர் விமானக் கட்டுமானத்தின் பொருட்டு இதனை வளர்த்து வெளியிட்டனர். 1960-இல் கிளஃப் இன்றுள்ள பெயரை இட்டார்.

இனி ரப்பருக்கு வருவோம். இரும்பின் கணக்கு பழையது. இழுக்கும் விசைக்கு ஏற்ப நீட்சி என்று ஹூக் என்ற ஆங்கிலேயர் 1678-இலேயே எழுதிவிட்டார். ஆனால் இரும்புக் கம்பி தன் பழைய அளவுக்கு மீளத்தக்க வகையில் நீள்வது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ரப்பரோ தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கும் ஆறு மடங்கும் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்து நிற்கிறது. ஹூக்கின் விதி அங்கே செல்லாது.

ரப்பரின் விந்தை இன்னொன்றும் உண்டு. அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துச் சடுதியில் இழுத்து உதட்டின்மீது வைத்துப் பாருங்கள், சிறிது சுடும். இழுத்த நிலையிலேயே சற்று நேரம் வைத்திருந்து, பின்பு தளரவிட்டு உதட்டில் வைத்தால் குளிரும். இதனை 1805-இல் முதன்முதல் ஆராய்ந்து எழுதிய ஜான் கஃப் கண்பார்வை அற்றவர். விரலும் உதடுமே அவருடைய கருவிகள். காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று. ரப்பரின் உள்ளே நீண்ட சங்கிலிகளைப் போன்ற மூலக்கூறுகள் சிக்குண்டு சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் அவை ஒழுங்காக நிமிர்கின்றன. விட்டால் மறுபடியும் தம் பழைய குழப்பத்துக்கே ஓடுகின்றன. நம் பிள்ளைகளின் முடியைச் சீவி விடுவது போலத்தான்.

இந்தக் குணத்தைக் கணக்கில் பிடித்தவர் யார்? 1940-இல் அமெரிக்காவில் மூனி என்பவர் ஒரு சூத்திரம் கண்டார். 1948-இல் ரொனால்டு ரிவ்லின் என்ற ஆங்கிலேயர், பெருமளவு நீளும் பொருள்கள் அனைத்திற்கும் பொருந்தும் முறையான கணிதத்தை வெளியிட்டார். 1951-இல் அவரும் சாண்டர்ஸ் என்பவரும் ரப்பர்த் தகடுகளை இரு திசையிலும் இழுத்து அளந்து, கணக்கு மெய்யுடன் எந்த அளவுக்கு ஒத்துவருகிறது என்று சோதித்தனர். இன்று உலகில் எந்த நாட்டில் எந்தப் பொறியாளர் மோட்டார் வண்டியின் சக்கரத்தையோ, குழாயின் வளையத்தையோ கணிப்பொறியில் வரைந்தாலும், ரப்பரின் குணத்தைக் கேட்கும் இடத்தில் மூனி–ரிவ்லின் என்ற பெயர் திரையில் தோன்றும்.

அந்த ரிவ்லின் எங்கே வேலை பார்த்தார்? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

இங்கிலாந்தில், வெல்வின் கார்டன் நகரில், 1938-இல் தோன்றிய பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் 1944 முதல் பணியாற்றினார். அக்கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் மன்னரின் கருவூலத்திலிருந்து அன்று. ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. அந்த ரப்பரில் பெரும்பங்கு மலாயா ரப்பர். அதன் பாலை வடித்தவர்களில் பெருந்தொகையினர் யாவர் என்பதை இவ்வேட்டைப் படிப்போர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. இருள் பிரியாத வேளையில் பெரட்டுக்குப் போய் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மழை வருமுன் மரம் வெட்டி, காண்டாவில் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அவர்களே. ஒவ்வொரு கட்டு ரப்பரிலும் ஒரு சிறு துளி அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிற்று. அத்துளிகள் சேர்ந்தே ரிவ்லினுடைய காகிதமும் பென்சிலும் ஆயின. அறிவு அவருடையது, அதை மறுப்பார் இல்லை. ஆனால் அவ்வறிவு விளைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சியவர்களின் பெயர் எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

அக்கழகம் மறைந்துபோய்விடவில்லை. இன்று துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயருடன், ஹார்ட்ஃபோர்டு நகருக்கு அருகே, மலேசிய ரப்பர் வாரியத்தைச் சேர்ந்ததாக நடைபெறுகிறது. அந்தக் கூடத்தின் உழைப்பினால் விளைந்த ஒன்றைப் பினாங்கு வாசிகள் நாள்தோறும் தம் காலடியில் காணலாம். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம், பத்து கவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன் தூண்களுக்கும் மேற்றளத்துக்கும் இடையே இயற்கை ரப்பரால் ஆன தாங்கிகள் இருக்கின்றன. ரப்பர் ஒரு படலம், எஃகுத் தகடு ஒரு படலம் என்று மாறிமாறி அடுக்கிய கட்டிகள் அவை. மேலிருந்து அழுத்தினால் எஃகுத் தகடுகள் ரப்பரைப் பிதுங்கவிடா. ஆகவே பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் நிலம் அதிர்ந்தால் ரப்பர் இழைந்து கொடுக்கும். ஆகவே அதிர்ச்சி மேலே ஏறாது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவின் கடலடி நிலநடுக்கம் எழுப்பிய அலை நம் கரையில் உயிர்களைப் பலிகொண்டதை மறந்தோர் உண்டோ? அத்தீவின் அதிர்ச்சி நமக்குத் தொலைவானதன்று. 1985-இல் கலிபோர்னியாவில் எழுந்த நீதிமன்றக் கட்டடம் ஒன்றின் அடியில் வைத்த 98 தாங்கிகளும் இதே கழகம் வகுத்த ரப்பரால் ஆனவையே.

பத்து கவான் என்ற பெயரைக் கேட்டதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர் கரும்பு வெட்டிய மண் அது. அவர்கள் கரும்பு வெட்டிய மண்ணில் பாலத்தின் ஒரு கால் நிற்கிறது. அவர்களுக்குப் பின் வந்தோர் வளர்த்த மரத்தின் பால் அப்பாலத்தைத் தாங்குகிறது. இனி அப்பாலத்தின் கணக்கை எழுதும் கை மட்டும் நம்முடையதாக இருத்தல் ஆகாதா?

ரப்பரின் கணக்கு ரப்பரோடு நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் தலைவராக 2010 முதல் 2013 வரை விளங்கிய சுப்ரா சுரேஷ், உலோகம் எவ்வாறு களைத்து உடைகிறது என்பதை ஆராய்ந்தவர். அவரும் அவருடைய தோழர்களும் மனித இரத்தச் சிவப்பணுவை ஒளிக்கற்றையால் பிடித்து இழுத்து, அதன் தோலுக்கு ரப்பருக்குரிய சூத்திர வகையையே பொருத்திக் கணக்கிட்டனர். மலேரியாக் கிருமி புகுந்த அணு பன்மடங்கு விறைத்துப்போகிறது என்பதை 2005-இல் வெளியிட்டனர். விறைத்த அணு நுண்ணிய நாளங்களில் நெளிந்து செல்ல முடியாமல் திணறுகிறது. மலாயாத் தோட்டங்களில் அந்நாளில் மலேரியா வாரிச் சென்ற உயிர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வடித்த பாலின் கணக்கே, அவர்களைக் கொன்ற நோயை விளக்கவும் உதவுகிறது! கல்வியின் வழிகள் இத்தகையவை.

இனி என் சொந்தக் கதை. நான் தோட்டத்தை விட்டுத் தீவுக்கு வந்தது 1985-இல். முதற்பாலம் திறந்த அதே ஆண்டு. பாயான் லெப்பாஸில் 1972 முதல் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. இன்டெல் நிறுவனம் தன் தாய்நாட்டுக்கு வெளியே முதன்முதல் பொருத்தும் ஆலையை அமைத்தது அவ்வாண்டில் இந்தத் தீவில்தான். நான் வேறொரு தொழிற்சாலையில் யந்திரம் பேணும் பணியாளனாகச் சேர்ந்தேன். அங்கே சிலிக்கன் சில்லுகளைப் பலகையில் ஈயப்பற்றால் ஒட்டுவார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு வகைச் சரக்கு திரும்பித் திரும்பி வந்தது. மூலையிலுள்ள பற்றுகள் வெடித்திருந்தன. நடுவிலுள்ளவை நன்றாக இருந்தன. இதை நான் கண்ணால் கண்டேன். சூடேறிக் குளிரும்போது பலகை மிகுதியாக நீளுகிறது, சில்லு நீளவில்லை, மூலைதான் அவ்விழுப்பை ஏற்கிறது என்று என் உள்ளம் சொல்லிற்று. ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இதற்கு எண் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் எண் இல்லை. தாள் குப்பைக்கூடைக்குப் போயிற்று. மூன்று மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து இருவர் வந்தனர். கணிப்பொறியில் ஒரு படம் வரைந்தனர். நடுவில் நீலம், மூலையில் சிவப்பு. எல்லாரும் வியந்தனர். நானும் வியந்தேன், என் துண்டுத் தாளைத்தான் அவர்கள் வண்ணத்தில் எழுதியிருந்தார்கள்!

அந்த எண்ணை இன்று நானே போடுவேன், மகள் கற்பித்தாள். ஒரு டிகிரி சூட்டுக்குச் சிலிக்கன் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு நீளும். பலகை ஏறத்தாழ பதினேழு பங்கு. வித்தியாசம் பதினான்கு. சூடு 220 டிகிரி மாறினால், 20 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமயிரின் பருமன் அளவே. அந்த மயிரளவை ஒருமுறை தாங்கும் பற்று, சூடும் குளிருமாக ஆயிரம் முறை மாறும்போது களைத்து வெடிக்கிறது. ஒருமுறை விழும் பேரடியினால் மட்டும் பொருள்கள் உடைவதில்லை. பலமுறை விழும் சிற்றடியினாலும் உடையும். இரயில் வண்டியின் அச்சுகள் இவ்வாறு முறிவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியராகிய வோலர் ஆராய்ந்தார். அதற்குக் களைப்பு என்றே பெயர்.

நான்கே வரிக் கணக்கு. அது தெரியாத காரணத்தால் என் அனுபவம் ஊமையாயிற்று. என் அன்னையின் சிரிப்பு ஏன் என்னைத் தைத்தது என்பது இப்போது விளங்கும். "என் கையைக் கேளு" என்றார் அவர். என் கையையும் ஒருவரும் கேட்கவில்லையே! அப்படிப்பட்ட நானே, எண்ணைக் கற்கப் புறப்பட்ட பெண்ணை வாசலில் நின்று மறித்தேன். இதைவிட வெட்கம் வேறென்ன?

இனி, பிள்ளைகளைப் பெற்றோர்க்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு சில சொல்லுகின்றேன்.

இத்துறைக்கு வேலை எங்கே என்று கேட்பீர்கள். பினாங்கில் உள்ளவர் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சில்லுகளைப் பொதியும் ஆலைகளில் மேற்சொன்ன சூட்டுக் கணக்கு அன்றாட வேலை. பலகை கோணுமா, பற்று எத்தனை நாள் உழைக்கும், பசை பிரியுமா என்பவற்றைச் சரக்குச் செய்யுமுன்பே அறிய வேண்டும். மருத்துவக் கருவி செய்யும் ஆலைகளில் இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் நுண்குழாய் எவ்வளவு வளையும் என்ற கணக்கு. மோட்டார் உறுப்பு, விமான உறுப்பு, கட்டடம், பாலம் எங்கும் இக்கணக்குண்டு. ஆனால் வேலை விளம்பரத்தில் கணிப்பு விசையியல் என்ற பெயர் பெரும்பாலும் இராது. உறுதிச் சோதனைப் பொறியாளர், வெப்பப் பொறியாளர், பொதிவு வடிவமைப்பாளர் என்ற பெயர்களில் அது மறைந்திருக்கும். பெயரைத் தேடாமல் வேலையின் விவரத்தைப் படிக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கும் பல படிகள் உண்டு. பொருளின் அடித்தளத்தில் மின்னணுக்களின் கணக்கு. அதற்கு மேலே அணுக்களும் மூலக்கூறுகளும் ஆடும் கணக்கு. அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியும் பொருளின் கணக்கு. கீழ்ப்படியில் கண்டதை மேற்படிக்கு எடுத்துச் செல்வதுதான் இன்றைய பெரும் வினா. பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் படித்தவர்க்கும் இதில் இடமுண்டு. பொறியியல் பட்டம் ஒன்றே வாயில் அன்று.

என்ன கற்க வேண்டும்? இடைநிலைப் பள்ளியில் கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் கைவிடாதிருப்பது முதற்படி. "கடினம், மதிப்பெண் குறையும்" என்று ஐந்தாம் படிவத்தில் அவற்றை விட்டுவிடும் நம் பிள்ளைகள் பலர். நானும் அவ்வாறு விட்டவனே. பின்பு நுண்கணிதம், அணிக்கணிதம், விசையியல், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் பழக்கம். இவை நான்கும் தூண்கள். கணக்குச் செய்யும் மென்பொருளின் பொத்தான்களை அழுத்தக் கற்பது ஒரு மாத வேலை. விடை பிழையா என்று ஐயுறக் கற்பதே பல்லாண்டு வேலை. வண்ணப்படம் அழகாக இருப்பதனால் மெய்யாகிவிடாது.

"இது பணக்காரர் வீட்டுக் கல்வி" என்பார் உளர். அன்று. விலையுயர்ந்த மென்பொருள்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் கால்குலிக்ஸ், கோட் ஆஸ்டர், ஃபெனிக்ஸ் என்பன போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அணுக்களின் ஆட்டத்தைக் கணக்கிடும் லாம்ப்ஸும் அவ்வாறே. இந்திய ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் சிறுகூறு முறைப் பாடங்களை என்.பி.டி.இ.எல். வாயிலாக எவரும் காசின்றிக் கேட்கலாம். ஒரு பழைய மடிக்கணிப்பொறியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் தொடங்கலாம். தோட்டத்தில் மூன்று குடும்பம் சேர்ந்து திருவிழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால் மூன்று பிள்ளைகளுக்கும் அக்கருவி கிடைத்துவிடும்.

கசப்பானதையும் மறைக்காமல் கூற வேண்டும். முதுகலை ஆராய்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு மூன்றும் நான்கும், சிலருக்கு அதனினும் மிகுதி. உதவித்தொகை குடும்பத்தைக் காக்காது. அது திட்டத்தின் பணம் தீரும்போது தானும் தீரும். பட்டம் பெற்றோர் அனைவருக்கும் பேராசிரியர் நாற்காலி கிடைக்காது. ஆகவே சேருமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு உறுதி? அந்த ஆசிரியரிடம் முன்பு படித்தோர் இப்போது எங்கே இருக்கின்றனர்? கணக்கைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் உண்டா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்குமாயின் துணியலாம். முதலில் வேலைக்குப் போய்ச் சில ஆண்டு கழித்து ஆராய்ச்சிக்குத் திரும்புவதும் இழிவன்று. தொழிலின் வினாவைக் கையோடு கொண்டு வருவோருக்கு மதிப்பு மிகுதி.

இனி வழக்கின் முடிவைச் சொல்லுகின்றேன்.

அன்னை சிரித்து ஓய்ந்த பின், மேசைமீது கிடந்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்தார். விரலில் மாட்டி இழுத்தார், விட்டார், இழுத்தார், விட்டார். "இது எத்தனை தடவைக்குத் தாங்கும்னு உன் கணக்குச் சொல்லுமா?" என்றார்.

"சொல்லும், பாட்டி. முதலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது கொஞ்சம் வளரும். கீறலை வளர்ப்பதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று 1953-இல் ரிவ்லினும் தாமஸ் என்பவரும் எழுதினார்கள். அதை வைத்துக் கணக்கிடலாம்."

அன்னை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ரப்பருக்குச் சொல்லும். மரம் வெட்டினவ முதுகுக்குச் சொல்லுமா?" என்றார்.

மகள் எழுந்துபோய் நாட்காட்டியிலிருந்து ஒரு பழைய தாளைக் கிழித்து வந்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை மரம், பாட்டி?" "ஐந்நூறு." "ஒரு மரத்துக்கு எத்தனை தடவை குனிவீர்கள்?" "வெட்ட ஒரு தடவை, பால் எடுக்க ஒரு தடவை." அவள் எழுதினாள். நாளுக்கு 1,000. மாதம் 26 நாள் என்றால் 26,000. ஆண்டுக்கு 3,12,000. முப்பது ஆண்டுக்கு 93,60,000. தொண்ணூற்று மூன்று இலட்சத்து அறுபதாயிரம் முறை! அவ்வெண்ணை அவள் உரக்கப் படித்தபோது கூடத்தில் எவரும் அசையவில்லை. என் அன்னை இன்று நிமிர்ந்து நடக்க இயலாதவர். அதை நாங்கள் முதுமை என்றே இதுகாறும் சொல்லி வந்தோம்.

"முதுகெலும்பையும் இப்படிக் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாட்டி" என்றாள் மகள் மெதுவாக. "எலும்புக்கு நடுவிலே ரப்பர் மாதிரி மெத்தை இருக்கிறது. அதுவும் களைக்கும்."

அன்னை என்னைப் பார்த்தார். "நான் இத்தனை தடவை குனிஞ்சேன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லலே. கை தெரிஞ்சு வச்சிருக்கிறது கையோட போயிடும்டா. எழுதி வைக்கப் போற பிள்ளையை நீ ஏன் தடுக்கிறே?"

அதுவே தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை.

அன்பர்களே! நம் முன்னோர் கையால் அறிந்தவை ஏராளம். மரப்பட்டை எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எவ்வளவு வெட்டினால் மரம் புண்படும் என்பதை அவர்கள் மயிரளவு பிசகாமல் அறிந்தனர். அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை, எண்ணாகவில்லை, ஆகவே ஊதியமாகவும் உரிமையாகவும் மாறவில்லை. தலைவிதி என்று அதனைச் சொல்லித் தேற்றிக்கொள்வது வீண். எண்ணைக் கற்காத குறை அது. எண்ணைக் கற்றால் தீரும் குறை. பாலை வடித்தவர் பேரர், பாலின் கணக்கையும் வடிக்கட்டும். பெண்மக்களையும் இதில் முன்னே விடுங்கள். முன்னாளில் மரத்தடியில் ஆணோடு சமமாகக் குனிந்தவள், ஆராய்ச்சிக்கூடத்தில் சமமாக நிமிர்ந்து நிற்கத் தகாதவளோ?

வெள்ளிக்கிழமை காலையில் தொழிற்சாலைக்கு மறுமொழி சென்றது. எழுதியவள் மகள், எழுத்துப் பிழை பார்த்தவன் நான். வீட்டுக் கடனுக்கு, ஓய்வு பெற்ற பின்னும் இரண்டாண்டு வேறு வேலை பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

நாட்காட்டித் தாள் இன்னும் எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அன்னைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வருவோரிடம் அதைக் காட்டி, "அது என் கணக்கு" என்று சொல்லுகிறார்.